பாட்டிலில் சுழி, தெருவில் குழி

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாகப் பேசியதன் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, இன்றைய வேலை பாதி உங்களுக்குத்தான்.

நான் பி.காம். படித்து, வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். விஞ்ஞானி இல்லை. ஆனால் ஒரு பாட்டில், ஒரு வாளி, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

இது இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். முக்கால் பங்கு தண்ணீர் இருக்கிறது. வாயை உள்ளங்கையால் மூடி, வாளிக்கு மேலே தலைகீழாகப் பிடித்துக் கையை எடுக்கிறேன். குபுக், குபுக் என்று விட்டு விட்டு ஊற்றுகிறது. எத்தனை விநாடி என்று செல்போனில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மறுபடி அதே அளவு தண்ணீர். இந்த முறை கையை எடுப்பதற்கு முன்னால் பாட்டிலை நாலைந்து சுற்று வேகமாகச் சுற்றுகிறேன். நடுவில் ஒரு குழாய் போலச் சுழி விழுந்துவிட்டது, பார்த்தீர்களா? குபுக் சத்தம் இல்லை. நேரமும் குறைந்துவிட்டது.

காரணம் எளிது. தண்ணீர் வெளியே போக வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். இருவருக்கும் ஒரே வாசல். ஒன்றாம் தேதி பென்ஷன் வாங்க வருகிறவர்களும் வாங்கிப் போகிறவர்களும் வங்கி வாசலில் முட்டிக்கொள்வது போலத்தான். சுற்றிவிட்டால் தண்ணீர் ஓரமாக ஒதுங்கி, நடுவில் காற்றுக்கு வழி விடுகிறது. வரிசை ஒழுங்காகிவிடுகிறது.

தண்ணீரில் சின்னக் காகிதத் துண்டுகளைப் போட்டுப் பாருங்கள். ஓரத்தில் மெதுவாகப் போகிற துண்டு, நடுவை நெருங்க நெருங்க வேகம் எடுக்கும். சுழல் நாற்காலியில் கையை விரித்துச் சுற்றிவிட்டு, பிறகு கையை மடக்கினால் வேகம் கூடுகிறதல்லவா, அதே கணக்கு. சுழிக்கு அருகில் போகப் போக இழுப்பு அதிகம். இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நம் பக்கம் பூமியின் வடபாதி என்பதால் வாஷ்பேசின் தண்ணீர் ஒரே திசையில்தான் சுற்றும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்ப வேண்டாம். வீட்டில் பத்து முறை செய்து, இடம், வலம் என்று இரண்டு பத்தியில் குறித்துப் பாருங்கள். நீங்கள் தண்ணீர் ஊற்றிய விதம், பேசினின் வடிவம் இவைதான் திசையை முடிவு செய்கின்றன. பூமியின் பங்கைக் காண்பதற்காக 1962-இல் அமெரிக்காவில் ஷாப்பிரோ என்ற பேராசிரியர் ஆறடி அகலத் தொட்டியில் தண்ணீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்திருந்து, அதன் பிறகு திறந்துவிட வேண்டியிருந்தது. பேசினில் தெரியாத அந்தச் சுழற்சி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்த காற்றில் நன்றாகத் தெரியும். நம் பக்கத்துப் புயல்கள் எல்லாமே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவது அதனால்தான்.

வானத்துச் சுழற்சி என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது பெயர் வைத்த புயல்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் நிலவிய ஒரு காற்றுச் சுழற்சி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடித் தெருக்களில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று இங்கே உள்ள எல்லோருக்கும் தெரியும்.

இப்போது பெரியவர்களுக்கு வருகிறேன். தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிற வழக்கம் பல ஊர்களில் உண்டு. 2017 ஆகஸ்ட் 29 அன்று மும்பையில் கொட்டிய மழையில், வீட்டுக்கு நடந்து போன ஒரு மூத்த மருத்துவர் அப்படித் திறந்து கிடந்த குழியில் விழுந்தார். இரண்டு நாள் கழித்து வொர்லி கடலோரத்தில் உடல்தான் கிடைத்தது. மூடியைத் திறந்தவர்கள் யாருக்கும் கெடுதல் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பிள்ளைகளே, தேங்கிய தண்ணீரில் ஓரிடம் மட்டும் சுழன்றால் அடியில் குழி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்கக் கிட்டே போகாதீர்கள். காகிதத் துண்டு எப்படி வேகம் எடுத்தது என்று பார்த்தீர்கள். ஆனால் சுழி இல்லாவிட்டால் குழி இல்லை என்று அர்த்தமில்லை. கீழே சாக்கடையும் நிரம்பிவிட்டால் தண்ணீர் இறங்காது, சுழியும் தெரியாது. குழி மட்டும் அப்படியே இருக்கும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஐப்பசி மழைக்கு முன்பே நம் வளாகத்துச் சேம்பர் மூடிகளையும் சம்ப் மூடியையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, உடைந்ததை மாற்ற வேண்டும். மழை நேரத்தில் யாரும் தாமாக மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தே ஆக வேண்டும் என்றால், மூடும் வரை சிவப்புத் துணி கட்டிய கம்போடு ஓர் ஆள் அங்கேயே நிற்க வேண்டும்.

பிள்ளைகள் இன்று இரவே பாட்டிலைச் சுற்றிப் பார்க்கலாம். வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். பத்து முறை கணக்கை எழுதி என்னிடம் கொண்டு வாருங்கள், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.