பறந்ததற்குச் சாட்சி ஒரு கண்ணாடித் தகடு



சின்ன வயசில் பறப்பதுபோல் கனவு காணாதவர்கள் இந்த ஹாலில் இருக்க மாட்டீங்க. அதை வர்ணிக்கக் கவிஞர்கள் இருக்கிறார்கள். நான் இன்ஜினியர், அந்தக் கனவு படத்தில் சிக்கிய கதையை மட்டும் சொல்கிறேன்.

ரைட் சகோதரர்களின் போட்டோவைப் பள்ளிப் புத்தகத்திலேயே பார்த்திருப்பீர்கள். 1903 டிசம்பர் 17, காலை 10.35 மணி. அமெரிக்காவின் வட கரோலைனா கடற்கரையில், கில் டெவில் ஹில்ஸ் என்ற மணல்வெளி. தம்பி ஆர்வில் விமானத்தில் குப்புறப் படுத்திருக்கிறார். இறக்கையைப் பிடித்தபடி கூடவே ஓடிவந்த அண்ணன் வில்பர், கைவிட்டு நிற்கிறார். தரைக்கு மேலே சுமார் இரண்டடி. மொத்தம் 12 விநாடி, 120 அடி. நம்ம ஹாஸ்டல் வராந்தா அதைவிட நீளம் சார்!

இருவரும் விமானத்தோடு இருந்தால் போட்டோ எடுத்தது யார்? பக்கத்திலிருந்த கடலோர உயிர்காப்பு நிலையத்தின் ஊழியர் ஜான் டேனியல்ஸ். விமானம் எங்கே தரையை விட்டு எழும் என்று ஆர்வில் முன்கூட்டியே கணித்து, தண்டவாளத்தின் முனையைப் பார்த்து முக்காலியில் கேமராவை வைத்துவிட்டார். டேனியல்ஸ் செய்ய வேண்டியது ரப்பர் பல்பை அமுக்குவது ஒன்றுதான். விமானம் எழும்பிய பரபரப்பில், அமுக்கினோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம்! இருந்தது ஒரே ஒரு தகடு. இன்னொரு தடவை எடுக்கலாம் என்ற பேச்சே இல்லை. டேட்டன் நகரில் தங்கள் வீட்டுக்குத் திரும்பி, தகட்டைக் கழுவிப் பார்த்த பிறகுதான் படம் விழுந்திருப்பது தெரிந்தது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு போட்டோ. மூன்று நாள் முன்னால், டிசம்பர் 14 அன்று, காசு சுண்டிப் போட்டு வென்ற வில்பர் முதலில் முயன்றார். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டார். மூன்றரை விநாடியில் விமானம் மணலில் இறங்கி முன்பகுதி சேதமானது. உடைந்த விமானத்தில் வில்பர் படுத்திருக்கும் அந்தக் கோலத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்! நம்ம லேப் ரெக்கார்டில் சரிவராத ரீடிங் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். (பின்வரிசையில் என் பழைய ரூம்மேட் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.) நான் இருப்பது பம்ப் டெஸ்டிங்கில். கேசிங் விரிசல் விட்டால் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, உடனே எடுக்கிறோம். மறுநாளே, "அந்த போட்டோவை அழிச்சிடுங்க, கஸ்டமர் பார்த்துடப் போறார்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ரைட் சகோதரர்கள் ஊருக்குக் காட்டுவதற்காகப் படம் எடுக்கவில்லை. 17-ஆம் தேதிப் படத்தை உற்றுப் பாருங்க. முன்னால் இருக்கும் எலிவேட்டர் மேல்நோக்கி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது தெரியும். மணலில் காலடித் தடம், ஓரத்தில் ஒரு மண்வெட்டி. எதையும் ஒதுக்கி அழகுபடுத்தவில்லை. காப்புரிமை கிடைத்தது 1906-ல். 1908-ல் வில்பர் பிரான்சில் பறந்து காட்டும்வரை ஐரோப்பாவில் பலர் இவர்களை நம்பவில்லை. அத்தனை ஏளனத்துக்கும் பதில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அந்த 1908 செப்டம்பரில்தான் 'செஞ்சுரி' மாத இதழில் படம் வெளிவந்தது. அந்தப் பொறுமை எனக்குச் சத்தியமாக வராது.

1913 மார்ச்சில் டேட்டனில் பெருவெள்ளம். கண்ணாடித் தகடுகள் இருந்த கொட்டகையில் தண்ணீர் புகுந்து பல தகடுகள் கெட்டுப்போயின. இந்தத் தகட்டுக்கு ஒரு மூலையில் மட்டும் சேதம். விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று அது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

இரண்டு படங்களையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். மெக்கானிக்கல் பிளாக் படிக்கட்டில் மாட்டத் துறைத்தலைவர் அனுமதி தந்துவிட்டார். உடைந்த விமானத்தின் படம் கீழே, ஏறும்போது முதலில் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.