'ன்' யாருக்கு, 'ர்' யாருக்கு?

சொல்லின் கடைசியில் வரும் ஒரே ஒரு எழுத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்: 'ன்'.

தொல்காப்பியத்தில் இது ஆண்பாலைக் காட்டும் ஈறு. 'ள்' பெண்பாலுக்கு, 'ர்' பலருக்கு. இதில் மரியாதையும் இல்லை, அவமதிப்பும் இல்லை. சேரன், சோழன், பாண்டியன் என மூவேந்தருக்கும் இதே 'ன்'தான். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் நான்கு குடிகளைப் பெருமையோடு சொல்கிறார். பாணனும் பறையனும் அதில் உண்டு. அங்கே 'ன்' யாரையும் சுடவில்லை.

அப்படியானால் ஒருவரையே 'அவர்' என்று பன்மையில் சொல்வது? அதையும் தொல்காப்பியம் கவனித்திருக்கிறது. உயர்த்திச் சொல்ல வழக்கில் வந்தது, இலக்கண நெறி அல்ல என்று கிளவியாக்கத்தில் ஒதுக்கி வைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நூற்பா இது. யாரை உயர்த்துவது என்பதை இலக்கணம் முடிவு செய்யவில்லை. ஊர்தான் முடிவு செய்தது.

முதலி முதலியார் ஆனார். செட்டி செட்டியார் ஆனார். சேரிக்காரருக்கு மட்டும் 'ன்' அப்படியே நின்றது. 1922இல் எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசை ஏற்கவைத்தார். ஆனால் 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் பட்டியலைப் பாருங்கள்: பறையன், பள்ளன், சக்கிலியன், வள்ளுவன், குறவன். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போனால் கள்ளர், மறவர், அகமுடையார். இரண்டுமே அரசுத் தாள்தான்.

2025 ஜூனில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், இந்தப் பெயர்களின் ஈற்றை 'ர்' என மாற்ற ஒன்றிய அரசை வலியுறுத்துவதாகச் சொன்னார். நான் ஆதரிக்கிறேன். "சாதியே ஒழிய வேண்டும், எழுத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும் முற்போக்கு நண்பர்கள் உண்டு. கேட்பவரின் சாதிப் பெயர் பெரும்பாலும் ஏற்கெனவே 'ர்' என்றுதான் முடியும்!

'ர்' போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. 'ஆதிதிராவிடர்' வந்து நூறாண்டு ஆகிவிட்டது. இன்றும் பேரன் வயதுப் பையன் எழுபது வயதுப் பெரியவரை "வாடா" என்று கூப்பிடும் தெருக்கள் இருக்கின்றன. அந்தத் தெருவை எந்த அரசாணையும் திருத்தாது, அங்கே நாம்தான் போய்ச் சண்டை போட வேண்டும்.

ஆனால் சாதிச் சான்றிதழ் அரசு தருவது. பட்டியலில் உள்ள பெயர்தான் அதில் வரும் என்பதால் ஒரு பெண்ணின் சான்றிதழிலும் 'பறையன்' என்றே அச்சாகிறது. தொல்காப்பியர் தந்த 'ள்' கூட அவருக்கு இல்லை.

அரசமைப்பின் 341ஆம் பிரிவின்படி இந்தப் பட்டியலைத் திருத்த நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். 2021இல் பள்ளன், குடும்பன் உள்ளிட்ட ஏழு பெயர்களை ஒரே சட்டத்தில் 'தேவேந்திரகுல வேளாளர்' ஆக்கினார்கள். மற்றவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.