ஒளி கடைமடைக்கு வந்த வரலாறு

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



நம் ஊர்களில் சில இடங்களில் மின்கம்பங்களின் மீதும், சில இடங்களில் தரைக்கு அடியிலும் ஒளியிழைக் கம்பி செல்கிறது. 2011-ஆம் ஆண்டில் மத்திய அரசு அனுமதித்து, பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்ற திட்டத்தின் வேலை அது. நம் மாநிலத்தில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளை இணைப்பது அதன் குறிக்கோள்.

அக்கம்பியினுள் செய்தியைச் சுமப்பது செம்பு அன்று, கண்ணாடி இழை. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதனுள் ஓடும் ஒளியே செய்தியைக் கொண்டுவருகிறது. வாய்க்காலுக்குக் கரை எவ்வாறோ, அவ்வாறே உட்கண்ணாடிக்கு வெளிக்கண்ணாடி அமைந்து, ஒளி சிந்தாமல் காக்கிறது.

ஆயினும், மணல் வாய்க்காலில் நீர் சுவறுவதுபோல், மாசு கலந்த கண்ணாடியில் ஒளி வழியிலேயே மடிந்துவிடும். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே செய்தி அனுப்ப இயலும் என்றும், தடையாக இருப்பது கண்ணாடியன்று, அதிலுள்ள மாசே என்றும் 1966-இல் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவோ தம் சகாவுடன் எடுத்துக்காட்டினார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியார் அத்தகைய இழையைச் செய்தனர். காவோவுக்கு 2009-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இன்றைய நல்ல இழையில் ஒரு கிலோமீட்டருக்கு நூற்றில் ஐந்து பங்கு ஒளியே குறைகிறது. அப்படியிருந்தும் 100 கிலோமீட்டர் சென்றால் எஞ்சுவது நூற்றில் ஒரு பங்குதான். ஆகவே, முன்னாளில் இடையிடையே ஒளியை மின்சாரமாக்கி, வலுவூட்டி, மீண்டும் ஒளியாக்க வேண்டியிருந்தது. அது செலவு மிகுந்த வேலை.

இத்தொல்லையைத் தீர்த்த பெருமையில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்துக்கு முக்கிய பங்கு உண்டு. 1987-இல் டேவிட் பெய்னும் அவருடைய குழுவினரும் எர்பியம் என்னும் தனிமத்தை இழையில் சிறிதளவு கலந்தனர். வேறொரு லேசர் ஒளியால் அதற்கு ஆற்றல் ஊட்டினர். களைத்து வந்த செய்தி ஒளி அவ்விழையைக் கடந்ததும் பன்மடங்கு வலுப்பெற்றது. வாய்க்காலின் நடுவே கிணற்று நீரை இறைத்துவிட்டுக் கடைமடைக்குப் பாயச்செய்வது போன்ற ஏற்பாடு இது. கடல்களையும் கண்டங்களையும் ஒளி கடப்பதற்கு இம்முறை வழிகாட்டிற்று.

இவ்வளவு அறிஞர்களின் உழைப்பையும் ஒரு கடப்பாரைக் குத்து வீணாக்கிவிடும். அறுந்த இழையை மின்கம்பியைப்போல் முறுக்கி இணைக்க முடியாது. மயிரிழை பிசகாமல் முனைகளைப் பொருத்தி, கருவியால் உருக்கி ஒட்டவேண்டும். அதுவரை அந்த வழியை நம்பிய அலுவல்கள் நின்றுபோகும்.

ஆகையால் மூன்று காரியங்களை நாம் மேற்கொள்வோம். குடிநீர்க் குழாய்க்கோ வடிகாலுக்கோ பள்ளம் தோண்டுமுன், கம்பி செல்லும் தடத்தை உரியவர்களிடம் கேட்டறிவோம். மரக்கிளை வெட்டும்போது கம்பியின் மீது விழாமல் பார்த்துக்கொள்வோம். செம்பு என்று எண்ணி அதை வெட்டுவோருக்கு, அதில் விற்றுக் காசாக்கத்தக்க செம்பு இல்லை என்பதைக் கிராமசபையில் எடுத்துச் சொல்வோம்.

ஏரிக்கரையைக் காப்பது ஊராரின் கடமை என்று நம் முன்னோர் கொண்டிருந்தனர். இக்கண்ணாடி வாய்க்காலையும் அவ்வாறே காப்போமாக.