இரும்புப் பெட்டி வீடாகுமா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் ஒரு மாணவனின் தந்தை என்னைத் தேடி வந்தார். பல ஆண்டுகளாகச் செம்பனைக் குலை வெட்டியவர்; ஓய்வு பெறப் போகிறார். தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். "சார், சேமநிதிப் பணம் கொஞ்சம் வரும். பழைய கொள்கலன் வாங்கி வீடாக்கிக்கலாம்னு சொல்றாங்க. முன்பணம் கட்டிடட்டுமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து லாரிகளில் வரும் இரும்புப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவைதாம் கொள்கலன்கள். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். இன்று உலகத்துச் சரக்கு ஏராளமாக அந்த வழியில் போகிறது.

அதில் மனிதர் வாழ முடியுமா? முடியும். 2011ஆம் ஆண்டு மார்ச்சில் ஆழிப்பேரலை ஜப்பானைத் தாக்கியது. ஒனகாவா என்ற ஊரில் வீடு கட்டச் சமதரை போதவில்லை. கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் அங்கிருந்த பேஸ்பால் திடலில் கொள்கலன்களைச் சதுரங்கக் கட்டம்போல் இடம் விட்டு இடம் விட்டு மூன்று மாடிக்கு அடுக்கினார். இடையில் விட்ட வெளிகள் காற்றும் வெளிச்சமும் நிறைந்த கூடங்களாயின. வீடிழந்த குடும்பங்கள் அங்கே குடியேறின.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். பெரிய கொள்கலனின் நீளம் 40 அடி, அகலம் 8 அடி. பரப்பு 320 சதுர அடி. இரண்டைச் சேர்த்தால் 640. நம் நாட்டில் மலிவு விலை அடுக்குமாடி வீடுகள் பல 650 சதுர அடிதான்! ஆகவே இடம் போதாது என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் வெயில் இருக்கிறதே! தகரக் கூரை லயத்தில் வளர்ந்த நமக்கு நண்பகல் சூட்டைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கொள்கலனில் கூரை மட்டுமல்ல, நான்கு சுவரும் இரும்பு. அதனால் மேலே இடைவெளி விட்டு இன்னொரு கூரை போட வேண்டும். எதிரெதிரே சன்னல் வைக்க வேண்டும். சுவருக்குள் வெப்பம் தடுக்கும் பலகை அடிக்க வேண்டும். சன்னலுக்காகச் சுவரை வெட்டினால் பெட்டியின் பலம் குறையும். இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பழைய பெட்டியின் பலகைத் தரையில் பூச்சிமருந்து ஊறியிருக்கலாம். அதையும் மாற்ற வேண்டும். இதெல்லாம் செய்தால்தான் அது வீடு. பெட்டியின் விலையை மட்டும் பார்த்து "மலிவு" என்று மயங்கிவிடாதீர்கள்.

இவற்றைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? 2020ஆம் ஆண்டு டிசம்பரில், நோய்த்தொற்றுக் காலத்தில், நம் நாட்டிலேயே தொழிலாளர்கள் கொள்கலன்களுக்குள் நெருக்கித் தங்க வைக்கப்பட்டிருந்ததை அதிகாரிகள் கண்டார்கள். ஒனகாவாவில் இருந்ததும் இரும்புப் பெட்டிதான், இங்கே இருந்ததும் இரும்புப் பெட்டிதான். உள்ளே இருப்பவரை மனிதராக நினைத்துச் செய்தார்களா என்பதே வேறுபாடு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. பெட்டியை எங்கே வைப்பது? நிலம் யார் பெயரில்? 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்த் தொட்டிக்கும் வழி வேண்டும். நம் பாட்டன்மார் இந்த மண்ணில் காடு வெட்டி மரம் நட்டார்கள். ஆனால் குடியிருந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தமாகவே இருந்தது. வேலை முடிந்தால் வீடும் போயிற்று. பிறர் நிலத்தில் இரும்புப் பெட்டியை வைத்தாலும் அதே கதைதானே?

அந்தத் தந்தை முன்பணம் கட்டவில்லை. முதலில் நிலம் தேடுகிறார். மன்றத்திலிருந்து வாங்கி வந்த மலாய்ப் பாரத்தை அவருடைய மகன்தான் வரி வரியாக வாசித்துப் பொருள் சொன்னான். இன்று இந்த மேடையில் பரிசு வாங்கப் போகிறவர்களில் அவனும் ஒருவன்.

பெற்றோர்களே, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுமுன் உங்கள் பிள்ளையை அருகில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். புரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள், நாங்கள் இருக்கிறோம்.