தினம் ஒரு கிளாஸ் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லதா?

இன்னைக்கு எபிசோடு, திருவொற்றியூர்ல இருந்து ஒரு தம்பி அனுப்பின கேள்வியைப் பத்தி. "அண்ணா, அப்பாவுக்கு பிரஷர் இருக்கு. தினமும் வேலை முடிஞ்சதும் ஒரு குவார்ட்டர் அடிப்பாரு. அதுக்குப் பதிலா ஒரு கிளாஸ் ரெட் ஒயின் குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. வாங்கிக் கொடுக்கட்டுமா?"

நான் ராயபுரத்துல வளர்ந்தவன். எங்க ஏரியால 'ஒயின் ஷாப்'னா மதுக்கடை, அவ்வளவுதான். 2003-ல சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்த பிறகும் அந்தப் பேர் போகல. ஆனா அங்க ஒயின் கேட்டு வர்றவங்க ரொம்பக் கம்மி. பிராந்தி, ரம், பீர்தான் ஓடும். அப்போ இந்த ஒயின் கதை எங்கிருந்து வந்துச்சு?

1991-ல '60 மினிட்ஸ்'னு ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒரு கேள்வி கேட்டுச்சு. பிரெஞ்சுக்காரங்க வெண்ணெய், சீஸ்னு கொழுப்பா சாப்பிடுறாங்க, ஆனா மாரடைப்பு கம்மியா இருக்கே, எப்படி? ரெட் ஒயின்தான் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. அங்க ஒயின் விற்பனை எகிறிடுச்சு. அடுத்த வருஷம் செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 'லான்செட்' மருத்துவ இதழ்லயும் இதைப் பத்தி எழுதினார். அதுக்கப்புறம் வந்த பல ஆய்வுகள்லயும், அளவா குடிக்கிறவங்க இதயம், குடிக்காதவங்க இதயத்தைவிட நல்லா இருக்குற மாதிரிதான் தெரிஞ்சது.

சிக்கல் எங்கன்னா, 'குடிக்காதவங்க'ன்னு யாரைச் சேர்த்தாங்க என்பதுல. நம்ம தெருவையே எடுத்துக்குங்க. இருபது வருஷம் குடிச்சு, மஞ்சள் காமாலை வந்து, ஆஸ்பத்திரியில படுத்து எழுந்து, டாக்டர் திட்டி நிறுத்தினவர் ஒருத்தர் இருப்பார். இன்னைக்குப் போய்க் கேட்டா "நான் குடிக்கிறதில்லப்பா"ன்னு சொல்வார். அவரையும் வாழ்க்கையில தொடாதவரையும் ஒரே கூட்டத்துல போட்டா, அந்தக் கூட்டம் நோயாளிக் கூட்டமாத்தானே தெரியும்? பல பழைய ஆய்வுகள்ல இதுதான் நடந்துச்சு.

இன்னொரு பக்கம், தினமும் சாப்பாட்டோட ஒரே ஒரு கிளாஸ் ஒயினோட நிறுத்துறவர் யாரு? பெரும்பாலும் வசதியானவர். வாக்கிங் போவார், நேரத்துக்குத் தூங்குவார், செக்கப் பண்ணிக்குவார். எண்ணூர்ல அனல் மின் நிலையப் புகைக்கு நடுவுல நைட் ஷிஃப்ட் பார்க்குற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதெல்லாம் எங்க? 2022-ல பிரிட்டன்ல 3.7 லட்சம் பேரோட தகவலை அலசினப்போ இதேதான் வெளிய வந்துச்சு. அளவா குடிக்கிறவங்க மத்த பழக்கங்கள்லயும் ஆரோக்கியமா இருந்தாங்க. அதைக் கணக்குல எடுத்ததும் ஒயினுக்குக் கொடுத்த பேர் கரைஞ்சுடுச்சு.

"அப்போ ரெஸ்வெரட்ரால்?"னு கேப்பீங்க. திராட்சைத் தோல்ல இருக்குற பொருள் அது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தப்போ நல்ல பலன் தெரிஞ்சது உண்மை. ஆனா அந்த அளவு மனுஷனுக்குக் கிடைக்கணும்னா நூற்றுக்கணக்கான லிட்டர் ஒயின் குடிக்கணும். அதுக்குக் கம்பம் பன்னீர் திராட்சையை அப்படியே சாப்பிட்டுட்டுப் போயிடலாம்.

கெடுதல் பக்கத்துல சந்தேகமே இல்ல. ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும்னு சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லயே வகைப்படுத்திடுச்சு. 2023-ல உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவுன்னு எதுவுமே கிடையாதுன்னு சொல்லிடுச்சு. இதுல ஒயின், பிராந்தி வித்தியாசம் இல்ல. பிரஷரையும் ஆல்கஹால் ஏத்தும்.

இப்போ தம்பி, உங்க அப்பா கணக்குக்கு வருவோம். 150 மில்லி ஒயின்ல சுமார் 14 கிராம் ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டர்ல சுமார் 61 கிராம். அதாவது ஒரு குவார்ட்டர்ல நாலு கிளாஸ் ஒயினுக்கு மேல இருக்கு. அவர் நிஜமாவே ஒரு கிளாஸோட நிறுத்தினா உடம்புக்கு நல்லதுதான். ஆனா அந்த நன்மை ஆல்கஹால் குறைஞ்சதால வர்றது. குவார்ட்டர் பழகினவருக்கு ஒரு கிளாஸ் பத்துமான்னும் யோசிங்க. 'மருந்து'ன்னு பேர் வச்சுட்டா ரெண்டாவது கிளாஸுக்கும் அதே பேர்தான்.

ஒண்ணு மட்டும் கவனம். தினமும் நிறைய குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா கை நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். அதனால வீட்லயே ஒளிச்சு வச்சு, சண்டை போட்டு நிறுத்தாதீங்க. ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்க போறதுன்னு தெரியலன்னா 104-க்கு போன் பண்ணிக் கேளுங்க. அவர் சாப்பிடுற பிரஷர் மாத்திரையையும் மறக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க.

இதுவரைக்கும் குடிக்காதவங்க ஹார்ட்டுக்காக ஆரம்பிக்க ஒரு காரணமும் இல்ல. கிறிஸ்துமஸுக்குத் தெரிஞ்சவங்க வீட்ல ஒரு சின்ன கிளாஸ் ஒயின் குடிச்சா, பிடிச்சுக் குடிச்சோம்னு சொல்லுங்க, மருந்துன்னு சொல்லாதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.