இராகலைக்கு வந்த ரயில்

(இராகலையில் நடந்த தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



போன மாதம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், நம்ம ஊருக்கும் ரயில் வந்துச்சாமே, மெய்யா?" மெய்தான்.

நானுஓயாவுக்குப் பெரிய பாதை 1885இலேயே வந்துவிட்டது. அங்கிருந்து ஒரு சின்ன ரயில் 1903இல் நுவரெலியாவுக்கும், 1904இல் கந்தப்பளை வழியாக இராகலைக்கும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 19 மைல். தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். மலையில் வளைந்து வளைந்து ஏற வேண்டும், செலவும் குறைய வேண்டும், அதனால் அப்படிப் போட்டார்கள். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலையைக் கொழும்புக்கு இறக்க வேண்டும். அதுதான் நோக்கம். ஆட்களும் ஏறிப் போனார்கள். ஆனால் ஆட்களுக்காகப் போட்ட பாதை அல்ல அது.

அதில் ஒரு தொல்லை இருந்தது. பெரிய பாதையின் அகலம் ஐந்தரை அடி. சின்ன ரயில் நானுஓயாவுக்கு அப்பால் போக முடியாது. இராகலையில் ஏற்றிய பெட்டியை அங்கே இறக்கி, மறுபடி பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். பலகைப் பெட்டி, உள்ளே சுமார் நூறு இறாத்தல் தேயிலை. எத்தனை முதுகு அதைத் தாங்கியதோ! லொறி வந்ததும் கதை மாறியது. ஸ்டோர் வாசலில் ஏற்றினால் நேரே போய்விடும். 1940களில் பாதையை மூடிவிட்டார்கள். தண்டவாளமும் போய்விட்டது. இன்று கந்தப்பளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் பழைய ரயில் பெட்டிக்குள் வெள்ளைக்காரர்கள் விருந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிடட்டும், அதில் எனக்குக் கோபமில்லை.

எனக்கு ஆறாதது வேறு. அந்தத் தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், எடை எல்லாம் அச்சுக் குத்தியிருக்கும். கொழுந்து பறித்தவள் பெயரும் தூக்கியவன் பெயரும் எந்தப் பக்கத்திலும் இல்லை. 1948இல் நம் குடியுரிமை போனது. மறு வருடச் சட்டம் என்ன கேட்டது? 1946க்கு முன்னே தொடர்ந்து இங்கே இருந்தாயா, காட்டு என்றது. கலியாணம் முடித்தவருக்கு ஏழு வருடம், மற்றவருக்குப் பத்து வருடம். இராகலைக்கு முதல் ரயில் வந்த நாளில் இந்த மலையில் கூடை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கடுதாசிக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். பெட்டிக்குக் கடுதாசி இருந்தது, நமக்கு இல்லை.

அந்த ரயிலைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இன்று மிகவும் வயதாகிவிட்டது. உங்கள் லயத்தில் அப்படி ஒரு அப்பாயியோ தாத்தாவோ இருந்தால், பிள்ளையை ஒரு கொப்பியோடு பக்கத்தில் உட்கார வையுங்கள். ஸ்டேசன் எங்கே நின்றது, யார் பெட்டி தூக்கினார்கள், என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்கட்டும். பெயர்களைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ட்ரங்குப் பெட்டியின் அடியில் பழைய துண்டு, பற்றுச்சீட்டு கிடந்தால் எறிய வேண்டாம். கொப்பிகளைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது நானே வாங்கிக்கொள்கிறேன்.