அச்சு முறிந்தது யார் குற்றம்?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

  

மெட்ரிகுலேஷன் வரை பயின்று, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எளியேன் நான். பொறியியலைப் பற்றி நான் பேச முற்பட்டதற்குக் காரணம், வடமாலபேட்டைப் பக்கத்துக் கரும்பாலை ஒன்றிலே சிறு வயதில் கண்ட காட்சியாகும்.

அது வெல்லம் காய்ச்சும் காலம். எஞ்சினிலிருந்து பெல்ட்டு வழியே ஆலையைச் சுழற்றும் இரும்புத் தண்டு திடீரென முறிந்தது. கரும்பை அளவுக்கு மீறித் திணித்தாய் என்று, கரும்பு கொடுத்துக்கொண்டிருந்த தொழிலாளியைப் பழித்து, அவர் கூலியையும் பிடித்துக்கொண்டார்கள். "ஐயா, இரண்டே கரும்புதானே கொடுத்தேன்" என்றார் அவர். யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. முறிந்த துண்டு நெடுநாள் ஆலை வாசலில் கிடந்தது.

சுழலும் தண்டுக்குத் துன்பம் இரண்டு. ஈரத் துணியை இரு கையாலும் பிழிகிறோமே, அது முறுக்கு. மூங்கிலின் நடுவே குடத்தைத் தொங்கவிட்டால் தாழ்கிறதே, அது வளைவு. விசையையும் அது செயற்படும் தூரத்தையும் பெருக்கினால் இவற்றின் அளவு கிடைக்கும். பெல்ட்டின் இழுப்பு தண்டை முறுக்குவதோடு நில்லாது, பக்கவாட்டில் வளைக்கவும் செய்கிறது. வளைவு 3 பங்கு, முறுக்கு 4 பங்கு எனில், இரண்டும் சேர்ந்து 5 பங்கு முறுக்குக்கு ஒப்பாகும் என்பது பொறியாளர் கணக்கு. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணமேதான்!

இனி, சரக்கு வண்டியின் அச்சைப் பாருங்கள். சக்கரங்களுக்கு வெளியே நீண்ட இரு முனைகளிலும் சுமை அமர்கிறது. ஒவ்வொரு முனையிலும் 10 டன், சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்திலிருந்து கால் மீட்டர் தள்ளி அமர்ந்தால், இரு சக்கரங்களுக்கு இடையே 2.5 டன்-மீட்டர் வளைவு உண்டாகும். அச்சின் மேற்புறம் இழுபடும்; கீழ்ப்புறம் அமுங்கும். அரைச் சுற்றில் மேல் கீழாகிவிட, இழுபட்ட இடமே அமுங்கும். 1 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் கிலோமீட்டருக்கு 318 முறை சுழலும். திருப்பதியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஒரே பயணத்தில் 47 ஆயிரம் முறைக்கு மேல் இந்த மாற்றம்!

1842 மே 8 அன்று, பிரான்சு நாட்டில் வெர்சேயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டே இராங்கின் என்னும் பொறியாளர், அச்சின் விட்டம் சட்டெனக் குறுகும் மூலையில் விரிசல் தொடங்கி மெல்ல உட்புகுவதை எடுத்துரைத்தார். பின்னர் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைச் சுழற்றிச் சோதித்தார். ஒரு முறை எளிதில் தாங்கும் சுமையே பல இலட்சம் முறை மாறி மாறி வந்தால் இரும்பை முறிக்கக்கூடும் என்று 1870-க்குள் நிறுவினார்.

மயிலிறகும் அளவு மீறினால் அச்சை முறிக்கும் என்றார் வள்ளுவர். அளவு மீறாத சுமையும் நாளடைவில் முறிக்கக்கூடும் என்பதை வோலர் காட்டினார்.

ஆலை வாசலில் கிடந்த துண்டின் முறிந்த முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஒரு பாதி கறுத்து வழவழப்பாயிருந்தது. மறுபாதி வெள்ளிபோல் மின்னிச் சொரசொரப்பாயிருந்தது. கறுத்த பாதி பல நாள் முன்னரே பிளந்துவிட்டது. மீதிப் பாதிதான் அன்று முறிந்தது. இதனை நான் அறிந்தபோது அந்தத் தொழிலாளி ஊரைவிட்டே போய்விட்டார்.

இன்று இரயில்வே பட்டறைகளில் மீயொலியைச் செலுத்தி, கண்ணுக்குப் புலப்படாத விரிசலையும் தேடுகிறார்கள். அன்பர்களே, ஒரு பொருள் முறிந்தால், கடைசியாகத் தொட்டவர்மீது பழி சுமத்துமுன் முறிந்த இடத்தை ஒருமுறை உற்று நோக்குங்கள்.